அரபி தெரியாமல் முஸ்லிம் உலகத்தை ஆய்வு செய்ய முடியுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: அரசியல் அறிவியலில் முதுகலை முடித்திருக்கிறீர்கள், வயது 29, நடுவில் சில ஆண்டுகள் வேறு வேலை. இப்போது சர்வதேச உறவுகளில், அதிலும் முஸ்லிம் உலகத்தைப் பற்றி, முனைவர் பட்ட ஆய்வு செய்து பல்கலைக்கழக ஆசிரியராக வேண்டும். அரபி தெரியாது, நீங்கள் முஸ்லிமும் இல்லை. நடக்கிற காரியமா, தாமதமாகிவிட்டதா என்று கேட்கிறீர்கள். இரண்டாம் முறை படித்தபோது இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாகப் பட்டது. வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு இதைப் பற்றிப் பேச என்ன தகுதி, அதை எப்படிச் சம்பாதிப்பது? அதற்குத்தான் முக்கியமாகப் பதில் சொல்லப் போகிறேன். வேலை, வயது எல்லாம் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் எந்த இடத்தில் நின்று பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறேன். என் சொந்த ஆய்வு வளைகுடா நாடுகளின் வெளியுறவுக் கொள்கை. மேற்கு ஆப்பிரிக்காவையும் மத்திய ஆசியாவையும் மற்றவர்களின் புத்தகங்கள் வழியாக மட்டுமே அறிவேன். இஸ்லாமியச் சட்டத்தில் முறையான பயிற்சி இல்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதைச் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'முஸ்லிம் உலகம்' என்ற சொல்லையே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் முஸ்லிம்கள் ஏறக்குறைய 200 கோடிப் பேர். அவர்களில் மத்திய கிழக்கிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழ்பவர்கள் ஐந்தில் ஒருவர்தான். மீதிப் பேர் இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம், நைஜீரியா என்று பரந்து கிடக்கிறார்கள். சரி, மக்களை விட்டு அரசுகளைப் பார்க்கலாம் என்றால் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு இருக்கிறது. 57 உறுப்பு நாடுகள், தலைமையகம் ஜித்தா. அந்தப் பட்டியலில் தென் அமெரிக்காவின் சுரினாமும் கயானாவும் இருக்கின்றன. கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள உகாண்டாவும் இருக்கிறது. உலகிலேயே மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்றான இந்தியா இல்லை. 1969 ஆகஸ்டில் ஜெருசலேமின் அல் அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீ வைக்கப்பட்டது. அடுத்த மாதமே மொராக்கோவின் ரபாத்தில் உச்சி மாநாடு கூடியது. இந்தியாவுக்கும் அழைப்பு போனது, தூதுக் குழுவும் போய்ச் சேர்ந்தது. பாகிஸ்தான் எதிர்த்ததால் அந்தக் குழு மாநாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டது. அதாவது யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானித்தது மக்கள்தொகைக் கணக்கு இல்லை, அரசியல்.

வரலாற்றாசிரியர் ஜெமில் அய்தின் 2017இல் வெளியிட்ட நூலில் இதையே இன்னும் ஆழமாகச் சொல்கிறார். ஒன்றுபட்ட 'முஸ்லிம் உலகம்' என்ற எண்ணம் ஆதிகாலத்திலிருந்து வந்ததில்லை, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பேரரசுகளின் இனப் பாகுபாட்டுக்கும் அதற்கு எதிரான அரசியலுக்கும் நடுவே உருவானது என்பது அவர் வாதம். எல்லோரும் இதை ஏற்கவில்லை. உம்மா, அதாவது முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே சமூகம் என்ற கருத்து, அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது, அதை இவ்வளவு எளிதாக ஒதுக்க முடியாது என்பவர்கள் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பரவாயில்லை. ஆனால் இந்த விவாதம் நடப்பதே தெரியாமல் "என் ஆய்வுத் தலைப்பு: முஸ்லிம் உலகத்தின் வெளியுறவுக் கொள்கை" என்று விண்ணப்பத்தில் எழுதினால், தேர்வுக் குழுவில் ஒருவராவது அதே வரியில் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். நானே வைத்திருக்கிறேன்.

அடுத்தது, மதம் வெளியுறவுக் கொள்கையை எவ்வளவு தீர்மானிக்கிறது என்ற கேள்வி. இந்தத் துறையின் நடு முடிச்சு இதுதான். ஷியாக்கள் பெரும்பான்மையாக உள்ள ஈரான், அதேபோல் ஷியாக்கள் பெரும்பான்மையாக உள்ள அஜர்பைஜானை விடக் கிறிஸ்தவ ஆர்மீனியாவுடன் நெருக்கமாக இருந்து வந்திருக்கிறது. ஈரானிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்ட அஜேரிகள் வாழ்கிறார்கள், எல்லைக்கு அப்பால் அவர்கள் இனத்தவரின் தனி நாடு வலுப்பெறுவது டெஹ்ரானுக்கு உறுத்தல். 2019 ஜூலையில் ஷின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்களைச் சீனா நடத்தும் விதத்தைக் கண்டித்து 22 நாடுகள் ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குக் கடிதம் எழுதின, பெரும்பாலும் மேற்கு நாடுகள். சில நாட்களில் சீனாவை ஆதரித்து 37 நாடுகள் கையெழுத்திட்ட கடிதம் வந்தது. அதில் சவூதி அரேபியா, பாகிஸ்தான், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் இருந்தன. பின்னால் கத்தார் மட்டும் தன் பெயரை விலக்கிக்கொண்டது.

இதை வைத்து "மதம் வெறும் வேஷம், எல்லாம் சுயநலம்" என்று முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். என் மாணவர்களில் பாதிப் பேர் முதல் பருவத்தில் அங்கேதான் போய் நிற்பார்கள். அதுவும் சோம்பேறித்தனம்தான். சவூதி மன்னர் ஃபஹத் 1986இல் 'மாட்சிமை பொருந்திய' என்ற அடைமொழியை விட்டுவிட்டு 'இரு புனிதத் தலங்களின் (மக்கா, மதீனா) பணியாளர்' என்ற பட்டத்தை ஏற்றார். ஈரான் புரட்சியும் மக்கா பெரிய பள்ளிவாசல் ஆயுதக் குழுவால் கைப்பற்றப்பட்டதும் 1979இல் நடந்தவை. அவற்றுக்கு ஏழு ஆண்டுகள் கழித்து இந்தப் பட்டம். மதம் வெறும் வேஷம் என்றால் இந்தக் குறிப்பிட்ட வேஷத்துக்கு அந்த நேரத்தில் ஏன் இவ்வளவு மதிப்பு? எகிப்து இஸ்ரேலுடன் சமாதானம் செய்ததும் 1979இல் மேலே சொன்ன இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு எகிப்தை இடைநீக்கம் செய்தது, 1984இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது. எதற்காக நீக்கினார்களோ அந்த ஒப்பந்தம் அப்படியே இருந்தது. இப்படிப்பட்ட இடங்களில்தான் ஆய்வேடு பிறக்கிறது. அரசுகள் மதத்தின் மொழியில் பேசுகின்றன என்பது உறுதி. அந்த மொழி அவற்றின் கையைக் கட்டுகிறதா, கட்டினால் எப்போது என்பது இன்னும் தீராத வழக்கு. உங்கள் ஐந்து ஆண்டுகளை அந்தத் தீராத பகுதியில் செலவிடுங்கள்.

இனி தொழில். இந்தப் பாதையில் வருகிறவருக்கு இரண்டு வீடு. ஒன்று சர்வதேச உறவுகள் துறை. 1919இல் வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில் முதல் பேராசிரியர் இருக்கை வந்ததிலிருந்து அது போர், சமாதானம், அரசு, அதிகாரம் என்று பொதுவான விதிகளைத் தேடுகிற துறை. இன்னொன்று பிராந்திய ஆய்வு. மொழி, வரலாறு, பண்பாடு என்று ஓர் இடத்துக்குள் மூழ்குகிறவர்களின் வீடு. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பல்கலைக்கழகங்களின் மொழி மையங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது, அதுவும் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் கொடுத்த அதிர்ச்சியில். 1966இல் மத்திய கிழக்கு ஆய்வாளர்களின் சங்கம் அங்கே உருவானது. முதல் வீட்டில் உங்களை "இவர் ஒரு நாட்டைத்தான் படிக்கிறார், கோட்பாடு எங்கே?" என்பார்கள். இரண்டாவது வீட்டில் "இவருக்குக் கோட்பாட்டு ஜுரம், மொழி எங்கே?" என்பார்கள். என் முதல் கட்டுரையை ஒரு ஜர்னல் முதல் காரணத்துக்காகவும் இன்னொரு ஜர்னல் இரண்டாவது காரணத்துக்காகவும் திருப்பி அனுப்பியது. அதே கட்டுரை, நான்கு மாத இடைவெளி. அன்று அழாத குறை. இன்று அதைத்தான் வகுப்பில் முதல் நாள் சொல்கிறேன்.

இரண்டு வீட்டிலும் சாப்பிடலாம், ஆனால் எந்த வீட்டில் தூங்கப் போகிறோம் என்பதை முதல் ஆண்டிலேயே தீர்மானிக்க வேண்டும். சம்பளம் கொடுப்பது ஒரு துறைதான். சர்வதேச உறவுகள் துறைக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றால், நீங்கள் ஆராயும் நாடு பொதுவான ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அமெரிக்க அரசியல் அறிஞர் ஸ்டீபன் வால்ட் 1987இல் செய்ததைப் பாருங்கள். 1955 முதல் 1979 வரை மத்திய கிழக்கில் உருவான கூட்டணிகளை எடுத்துக்கொண்டார். அரசுகள் அதிக பலமுள்ளவரை எதிர்த்து அணி சேர்வதில்லை, அதிக அச்சுறுத்தலாகத் தெரிபவரை எதிர்த்துத்தான் சேர்கின்றன என்று வாதிட்டார். இன்று மத்திய கிழக்கைப் பற்றி எதுவும் படிக்காதவர்களும் அந்தக் கோட்பாட்டைப் படிக்கிறார்கள். 1998இல் மைக்கேல் பார்னெட் அதே பிராந்தியத்தை, எகிப்து அதிபர் நாசரின் அதே காலத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, அரபுத் தலைவர்கள் ராணுவத்தை விட வார்த்தைகளாலும் பிம்பத்தாலும் ஒருவரையொருவர் மடக்கினார்கள், அரபு அடையாளம் என்ற நெறியே அங்கே ஆயுதம் என்றார். ஒரே சான்றுகளிலிருந்து இரண்டு பேர் எதிரெதிரான முடிவுகளுக்கு எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். என்னிடம் வரும் மாணவர்களுக்கு இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசிப்பதுதான் முதல் வேலை.

முஸ்லிம் அல்லாதவருக்கு இடம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இஸ்லாமியச் சட்ட மரபில் அரசுகளுக்கிடையிலான உறவைப் பற்றிய பிரிவுக்கு 'சியர்' என்று பெயர். 805இல் இறந்த சட்ட அறிஞர் அல் ஷைபானி அதில் முன்னோடி. அவருடைய சியர் நூலை 1966இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்து, இந்தத் துறை மாணவர்கள் மேசையில் வைத்தவர் மஜீத் கத்தூரி. ஈராக்கின் மோசுல் நகரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அதே சமயம் ஹைதராபாத்தில் பிறந்து பாரிஸில் நெடுங்காலம் ஆய்வு செய்த முஹம்மது ஹமீதுல்லா போன்றவர்கள் நம்பிக்கைக்கு உள்ளே நின்று அதே விஷயத்தை எழுதினார்கள். இருவரையும் படிக்காமல் முடியாது. எட்வர்ட் சயீத் 1978இல் கேட்ட கேள்வி, அதாவது கீழை நாடுகளைப் பற்றிய அறிவு யாருடைய அதிகாரத்துக்கு உதவியது என்ற கேள்வி, முஸ்லிம் அல்லாதவரை மட்டும் நோக்கியது இல்லை. ஒரு முஸ்லிம் ஆய்வாளரும் தன் அரசின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதலாம். வெளியாள் என்பதால் சில கதவுகள் திறக்காது, சில கதவுகள் உங்களுக்கு மட்டும் திறக்கும். என் அனுபவத்தில், நேர்காணலில் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது மதம் இல்லை. அவர்கள் செய்தித்தாளை அவர்கள் மொழியில் வாசித்துவிட்டுப் போயிருந்தேன் என்பதுதான்.

அது நம்மை மொழிக்குக் கொண்டுவருகிறது. தலைப்புக் கேள்விக்கு நேரான பதில்: அரபி தெரியாமல் செய்யலாம், எந்த மொழியும் தெரியாமல் செய்யக் கூடாது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள தூதரக அதிகாரிகளுக்கு அமெரிக்க வெளியுறவுத் துறை வைத்திருக்கும் கணக்கில், அரபிக்கு 88 வாரம், சுமார் 2,200 வகுப்பு மணி. பாரசீகம், துருக்கியம், உருது ஆகியவற்றுக்கு அதில் பாதி. இந்தோனேசியத்துக்கு 36 வாரம். அதோடு அரபியில் ஒரு சிக்கல் உண்டு. செய்தியும் ஆவணமும் எழுதப்படும் ஃபுஸ்ஹா ஒன்று, கெய்ரோவிலோ கசாபிளாங்காவிலோ தெருவில் பேசுவது வேறொன்று. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் தனித்தனியாகப் பழகிய நமக்கு இந்த ஏற்பாடு புரியாததில்லை, ஆனால் அங்கே இடைவெளி இன்னும் அகலம். இன்னொரு ரகசியம்: தமிழ் தெரிந்தவருக்குத் துருக்கியம் அவ்வளவு அந்நியமில்லை. வினைமுற்று கடைசியில் வரும், விகுதி மேல் விகுதி ஒட்டும், வேற்றுமை உருபு பெயரின் பின்னால் வரும். ஆங்கிலேயர்களுக்குத் தலை சுற்றும் அந்த வாக்கிய அமைப்பு உங்களுக்கு இரண்டாம் மாதமே பிடிபடலாம். துருக்கி அரசின் 'துர்க்கியே புர்ஸ்லாரி' உதவித்தொகையில் படிப்புக்கு முன்னால் ஓராண்டு மொழிப் பயிற்சியும் உண்டு. முனைவர் படிப்புக்கு வயது வரம்பு 35 என்பது வழக்கம். விதிகள் மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மட்டும் உரிய ஒரு சாய்வையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அரபிக்கும் மத்திய கிழக்குக்குமே ஓடுகிறார்கள். இந்தோனேசியாவின் வெளியுறவுக் கொள்கையை அதன் மொழியில் படிக்கிற சர்வதேச உறவுகள் துறை ஆய்வாளர்கள் அதோடு ஒப்பிட்டால் சொற்பம். உலகில் மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளின் முன்வரிசையில் இருப்பது, 1955இல் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் பாண்டுங் மாநாட்டை நடத்தியது, மொழியும் ஒப்பீட்டளவில் சீக்கிரம் வரும். வளைகுடாவைத் தேர்ந்தெடுத்த நானே இதைச் சொல்கிறேன் என்றால் பாருங்கள்.

சான்று எங்கே கிடைக்கும் என்ற கவலையும் உங்களுக்கு வரும். வீட்டிலிருந்தே நிறைய செய்யலாம். ஐ.நா. பொதுச் சபை வாக்குகள் 1946 முதல் தரவாகக் கிடைக்கின்றன. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் தீர்மானங்கள் பொதுவில் இருக்கின்றன. 2014 முதல் இயங்கும் கத்தார் மின் நூலகத்தில் வளைகுடாவைப் பற்றிய பிரிட்டிஷ் இந்திய அரசின் கோப்புகள் இலவசம். 1947 வரை வளைகுடா விவகாரங்கள் பிரிட்டிஷ் இந்தியா வழியாகத்தான் போயின என்பதால் அவை ஒரு புதையல். ஆனால் அவை அதிகாரிகளின் கண்ணில் பட்ட வளைகுடா, அதை மறக்கக் கூடாது. இஸ்தான்புல்லின் ஒட்டோமான் காப்பகம் கடல் மாதிரி. அதில் இறங்க இன்றைய துருக்கியம் போதாது. 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறும் முன் இருந்த அரபு எழுத்துத் துருக்கியம் வேண்டும்.

களப்பணியைப் பற்றி மட்டும் மெதுவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை விண்ணப்பக் காலத்தில் யாரும் சொல்வதில்லை. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் படித்துக்கொண்டிருந்த ஜூலியோ ரெஜெனி எகிப்தின் சுயேச்சைத் தொழிற்சங்கங்களை ஆராய்ந்துவந்தார். 2016 ஜனவரி 25 அன்று கெய்ரோவில் காணாமல் போனார், பிப்ரவரி 3 அன்று சித்திரவதைக் காயங்களுடன் உடல் கிடைத்தது. டர்ஹாமில் படித்த மாத்யூ ஹெட்ஜஸ் 2018 மே மாதம் துபாயில் கைதானார். உளவு பார்த்ததாக நவம்பரில் ஆயுள் தண்டனை, சில நாட்களில் மன்னிப்பு. இரண்டுமே அரசியல் அறிவியல் ஆய்வுக்காகப் போனவர்களுக்கு நடந்தவை. பயமுறுத்தச் சொல்லவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் சலிப்பூட்டும் அளவுக்கு அமைதியாகவே முடிகின்றன. ஆனால் ராணுவம், வாரிசுரிமை, தொழிற்சங்கம், சிறுபான்மை என்ற சொற்கள் உங்கள் தலைப்பில் இருந்தால், அந்த நாட்டுக்குள் போகாமலே ஆய்வை முடிக்கும் ஒரு மாற்று வழி முதல் நாளிலிருந்தே தயாராக இருக்கட்டும். உங்களுக்கு விமான டிக்கெட் உண்டு, உங்களிடம் பேசியவருக்கு இல்லை. அவர் பெயர், குரல் பதிவு, செல்பேசி எண் எதுவும் எல்லை கடக்கும் மடிக்கணினியில் இருக்கக் கூடாது.

வேலைவாய்ப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல செய்தி குறைவு. நிரந்தரப் பணியிடங்களை விடப் பட்டம் பெற்றவர்கள் அதிகம். இது எல்லா நாட்டிலும் பொது. ஒரு பெரிய சம்பவம் நடந்தால் பணம் ஓடி வரும், 2001க்குப் பிறகு வந்தது போல. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2008இல் சமூக அறிவியல் ஆய்வுக்கென்றே மினெர்வா என்ற திட்டத்தைத் தொடங்கியது. அந்தப் பணத்தை வாங்கலாமா என்பதில் துறைக்குள்ளேயே சண்டை இருந்தது; 2025இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. பாதுகாப்பு அமைச்சகத்தின் பணத்தில் எழுதினால் சில நாடுகளில் அதற்குப் பிறகு யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். மலேசியாவில் 1983இல் தொடங்கிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகம், தோஹாவில் 2005 முதல் நடக்கும் ஜார்ஜ்டவுன் வளாகம் போன்ற இடங்களையும் தேடிப் பார்க்கலாம். வளைகுடா வளாகங்களில் பொதுவாக ஒப்பந்த வேலைதான், அது முடிந்தால் தங்கும் உரிமையும் முடியும். அரசுக் கொள்கைகளை அலசும் சிந்தனைக் குழாம்களில் (think tank) வேலை சீக்கிரம் கிடைக்கலாம். ஆனால் அங்கே 'அடுத்து என்ன நடக்கும்' என்றுதான் கேட்பார்கள். எங்கள் துறையின் கணிப்பு வரலாறு பெருமைப்படும்படி இல்லை: 1979 ஈரானையும் 2011 அரபு எழுச்சிகளையும் பெரும்பாலோர் கோட்டைவிட்டோம். பேராசிரியர் அதிகாரத்துக்கே போன கதையும் உண்டு. மலேசியாவின் அதே பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் கற்பித்த அஹ்மத் தாவுதோலு துருக்கியின் வெளியுறவு அமைச்சராகி, 2014இல் பிரதமரும் ஆனார். அண்டை நாடுகளுடன் பிரச்சினையே இல்லை என்ற அவருடைய புகழ்பெற்ற கொள்கைக்குச் சிரியாவில் என்ன ஆனது என்பது தனி ஆய்வேடு.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, அது எதிர்பார்ப்புக்கு மாறாக நடந்துகொண்ட ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, மூன்று பக்கம் எழுதுங்கள். 2019 கடிதத்திலிருந்து கத்தார் ஏன் விலகியது என்பது கூடப் போதும். அந்த மூன்று பக்கத்தை நெறியாளருக்கு எழுதும் கடிதத்தோடு இணையுங்கள். பொதுவான ஆர்வத்தைச் சொல்லும் கடிதங்கள் எனக்கு வாரத்துக்குப் பல வருகின்றன, இப்படி ஒரு புதிரோடு வருவது அபூர்வம்.

வயதைப் பற்றி: மொழிக்கு ஒன்றரை ஆண்டு, ஆய்வுக்கு ஐந்து, அப்புறம் தற்காலிக வேலைகளில் இரண்டு மூன்று என்று வைத்தால் முதல் நிலையான வேலை கிடைக்கும்போது உங்களுக்கு 38, 39 இருக்கும். எனக்கு அப்போது 37.